வாழ்நாள் விமான பாஸ்: பணத்தைக் கட்டலாமா?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். துபாய், தம்மாம், கோலாலம்பூர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பிழைக்கப் போன ஊர்களுக்கும், அவர்களைப் பார்க்கப் பெற்றவர்கள் போகிற ஊர்களுக்கும் டிக்கெட் போடுவதுதான் என் பிழைப்பு. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் சமீபமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஒரேயடியா ஒரு தொகையைக் கட்டிட்டா ஆயுசு முழுக்க பிளேன்ல போகலாமாமே, அதை வாங்கிப் போடலாமா?" ஆலங்குளத்தில் மொத்த வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இதைக் கேட்கவே பஸ் ஏறி வந்துவிட்டார். அவருக்கு மகன் டல்லாஸில், மகள் சிகாகோவில். அமெரிக்காவில் அப்படி ஒரு பாஸ் இருந்தது என்று மகன் போனில் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சியிடம் நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். வேண்டாம் என்பதுதான் பதில். விதிவிலக்கு உண்டு, அது ரொம்பச் சிலருக்கு மட்டும்.

மகன் சொன்னது உண்மைதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் 'ஏஏர்பாஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டரை லட்சம் டாலர் கட்டினால், அந்தக் கம்பெனி பறக்கிற ஊருக்கெல்லாம் முதல் வகுப்பில், எத்தனை முறை வேண்டுமானாலும், உயிர் இருக்கிறவரை போகலாம். இன்னும் ஒன்றரை லட்சம் டாலர் சேர்த்துக் கட்டினால் கூட ஒருவரையும் அழைத்துக்கொள்ளலாம். டாலர் ஒன்பது ரூபாய்க்கும் குறைவாக இருந்த காலம் அது. ஆனாலும் இரண்டரை லட்சம் டாலர் என்றால் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல்.

கம்பெனி ஏன் இதை விற்றது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அப்போது அமெரிக்காவில் வட்டி ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு வங்கிகள் கொடுக்கிற கடனுக்கே 20 சதவீதத்தைத் தாண்டிய நேரம். கம்பெனிக்கு ரொக்கம் வேண்டும். வங்கியில் போய் நிற்பதைவிட வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொள்வது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். ஆக, பாஸ் வாங்கியவர் செய்தது விமானக் கம்பெனிக்கு ஈடு எதுவும் இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கடன் கொடுத்ததுதான். அதற்கு வட்டியும் முதலும் பணமாகத் திரும்ப வராது. ஒவ்வொரு தடவையும் விமானத்தில் ஏறி உட்கார்ந்துதான் வசூலிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அந்தப் பாஸை வாங்கிய 66 பேரில் சிலர் நன்றாகவே வசூலித்தார்கள். சிகாகோக்காரர் ஒருவர் 1987-இல் வாங்கி, பத்தாயிரம் விமானங்களுக்கு மேல் ஏறினார். கம்பெனி விலையை ஏற்றிக்கொண்டே போனது. 1990-இல் இருவருக்குச் சேர்த்து ஆறு லட்சம் டாலர், 1993-இல் பத்து லட்சத்துக்கும் மேல். பிறகு விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். 2004-இல் நீமன் மார்கஸ் என்ற பெரிய கடையின் கிறிஸ்துமஸ் பட்டியலில் 30 லட்சம் டாலருக்கு, அன்றைய கணக்கில் 13 கோடி ரூபாய்க்கு மேல், மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

கதை திரும்புவது இதற்கு அப்புறம்தான். நிறையப் பறந்த இரண்டு பேரால் மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் போகிறது என்று கம்பெனி கணக்கெடுத்தது. அவர்கள் போட்ட டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். பொய்ப் பெயரில் பக்கத்து இருக்கையைப் போட்டார், ஏறாமலே டிக்கெட் போட்டு வைத்தார், கூடவருபவர் இருக்கையைக் காசுக்குக் கொடுத்தார் என்றெல்லாம் சொல்லி 2008-இல் இரண்டு பேர் பாஸையும் ரத்து செய்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. சிகாகோக்காரர் வழக்கில் 2011-இல் கோர்ட் கம்பெனி பக்கம் நின்றது. அந்த வருஷக் கடைசியில் கம்பெனியே திவால் மனு போட்டது.

இதில் யார் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேறு. குறைவாகப் பறந்தால் கட்டிய பணம் நஷ்டம். நிறையப் பறந்தால் கம்பெனி உங்கள் கணக்கைத் துருவ ஆரம்பிக்கும். ஒப்பந்தத்தில் ஏதாவது ஒரு வரியை நீங்கள் மீறியிருப்பீர்கள். அந்த வரியை எழுதியவர்களும் அவர்கள்தான்.

சரி, அண்ணாச்சி கணக்குக்கு வருவோம். ஒரு கம்பெனி இன்றைக்கு ஒருவருக்கான வாழ்நாள் பாஸை இரண்டு கோடிக்குக் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2004-இல் கேட்ட விலையோடு பார்த்தால் இது அடிமாட்டு விலை. அந்த இரண்டு கோடியை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டால் வருஷம் 14 லட்சம் வரும். மேல்தட்டு வருமான வரி போனாலும் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். சிகாகோ போய்வர பிசினஸ் கிளாஸில் ஒருவருக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்று வைத்தால், அண்ணாச்சியும் ஆச்சியும் வருஷம் ஒரு தடவை ராஜா ராணி மாதிரி போய்வரலாம், அப்புறமும் மிச்சம் இருக்கும். முதல் அப்படியே கிடக்கும், பிள்ளைகளுக்குப் போகும். பாஸில் போட்ட பணம் அவர் காலத்தோடு முடிந்துவிடும். ஆச்சி பேருக்கு மாற்றக்கூட முடியாது.

"வட்டி குறைஞ்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வட்டி குறையலாம், டிக்கெட் விலை ஏறலாம். ஆனால் அவருக்கு வயது அறுபத்திரண்டு. இருபது மணி நேரப் பயணம் இன்னும் எத்தனை வருஷம் அவர் முழங்காலுக்குத் தாங்கும்? எழுபத்தைந்துக்கு மேல் பேரன் பேத்திகள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். அவர்கள் அந்தப் பாஸில் ஏற முடியாது.

அவருக்கு நான் போட்டுக் காட்டியது சாதாரண டிக்கெட். எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் திருவனந்தபுரத்திலிருந்தும் பறக்கின்றன, டல்லாஸுக்கும் சிகாகோவுக்கும் போகின்றன. டல்லாஸில் இறங்கி மகன் வீட்டில் இருந்துவிட்டு, அங்கிருந்து உள்ளூர் விமானத்தில் மகள் வீட்டுக்குப் போய், சிகாகோவிலிருந்தே ஊர் திரும்புகிற மாதிரி ஒரே டிக்கெட்டில் போடலாம். தனித்தனியாகப் போய்வருவதைவிட இது எவ்வளவோ குறைவு. இப்படிப் போட முடியும் என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கடையில் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

விசா விஷயத்தை இந்தப் பாஸ் பற்றிப் பேசுகிற எவரும் சொல்வதில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் காலையில் நினைத்து சாயங்காலம் லண்டனுக்கோ பாரிஸுக்கோ போய் இறங்கினார். அவருக்கு 'எத்தனை முறையும்' என்பதற்கு அர்த்தம் இருந்தது. நம் பாஸ்போர்ட்டுக்கு அப்படி இல்லை. ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்குச் சென்னை போய்க் கைரேகை வைக்க வேண்டும், வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். அமெரிக்க விசிட்டர் விசா கையில் இருந்தாலும், ஒரு தடவை உள்ளே போனால் பொதுவாக ஆறு மாதம்தான் தங்கலாம். போன கையோடு திரும்பி, மறுபடி உடனே போய் நின்றால் இமிகிரேஷனில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஒருவர் வருஷத்தில் எத்தனை தடவை வெளிநாடு போக முடியும் என்பதை விசாதான் முடிவு செய்யும், பாஸ் முடிவு செய்யாது.

அதோடு, பாஸ் எந்த ஊரில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம். ஓடுபாதையை நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்திருக்கிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அங்கிருந்து நமக்குச் சென்னை, பெங்களூருதான். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பாஸ் கையில் இருந்தால், சென்னை வரை நெல்லை எக்ஸ்பிரஸுக்கோ வந்தே பாரத்துக்கோ, திருவனந்தபுரம் வரை காருக்கோ நீங்கள்தான் செலவழிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் போட்டால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

இன்னொன்று, கம்பெனி எத்தனை நாள் இருக்கும்? நம் நாட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். மதுரைக்காரர்கள் நடத்திய பாரமவுண்ட் 2005-இல் ஆரம்பித்து 2010-இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். நின்ற எதுவும் திரும்ப எழவில்லை. அமெரிக்காவில் யுனைடெட் 2002-இல் திவால் மனு போட்டுப் பறந்துகொண்டே இருந்து 2006-இல் வெளியே வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அப்படித்தான் பிழைத்தது. அந்த ஊர் சட்டம், கம்பெனி ஓடிக்கொண்டே கடனைச் சரிசெய்ய இடம் கொடுக்கிறது. இங்கே விமானங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் 2024 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம் விமானங்களை அவற்றின் சொந்தக்காரர்களிடம் விடச் சொன்னது. விமானம் போனபின் விமானக் கம்பெனியில் என்ன இருக்கும்?

அப்படி ஒரு கம்பெனி நின்றபோது நானும் பணம் போட்டு வைத்திருந்தேன். என்னைப் போன்ற சின்ன ஏஜென்டுகள் பல கம்பெனிகளில் முன்பணம் கட்டி வைத்துத்தான் டிக்கெட் போடுகிறோம். பெயர் இங்கே வேண்டாம். கிளெய்ம் ஃபார்ம் அனுப்பினோம், கணக்கு வரிசையாக எழுதி, கையெழுத்து, சீல் எல்லாம் வைத்து. திவால் சட்டத்தில் பணம் பிரிக்கிற வரிசை என்று ஒன்று இருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில், பிறகு ஈடு வாங்கி வைத்திருக்கும் வங்கிகளும் தொழிலாளர் பாக்கியும், பிறகு மற்ற ஊழியர்கள், அதற்கும் பின்னால் அரசாங்கம். எங்களைப் போன்றவர்கள், டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் கடைசிப் பந்தி. அந்தப் பந்திக்கு இலை போடும்போது சோறு இருக்காது. வாழ்நாள் பாஸ் வாங்கியவரும் இதே பந்தியில்தான் உட்கார வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு நாற்பதாயிரம் போகும். இவருக்குக் கோடி.

நம் ஊருக்கு இந்த மாதிரி பாஸ் நிஜமாகவே உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. நான் நிறைய யோசித்திருக்கிறேன் இதைப் பற்றி. நடு ராத்திரியில் எனக்கு வருகிற போன் பெரும்பாலும் சாவுச் செய்தி. "அண்ணே, தம்பி தம்மாம்ல இருக்கான். அம்மை தவறிட்டாவ. நாளைக்குள்ள வந்து சேரணும், பாத்து ஒரு டிக்கெட் போடுங்க." அந்த நேரத்தில் திருவனந்தபுரத்துக்கு ஒரு சீட் இருக்கும், வழக்கமான விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு சொல்லும். கொச்சி பார்ப்பேன், மதுரை பார்ப்பேன், கொழும்பு சுற்றி வருவதைப் பார்ப்பேன். இந்தப் பக்கம் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள், அடிக்கொரு தடவை போன் வரும். அந்தப் பையனிடம் அப்போது ஒரு பாஸ் இருந்து, கடைசி சீட்டையும் விலை கேட்காமல் கொடுத்தால், அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். மேலப்பாளையம் முஸ்லிம் வீடுகளில் அதற்குக்கூட நேரம் இல்லை, அன்றைக்கே அடக்கிவிடுவார்கள்.

பழைய ஏஏர்பாஸ் அந்த மாதிரி கைமேல் சீட் கொடுத்த பாஸ்தான். இப்போது உலகத்தில் விற்கிற 'எவ்வளவு வேண்டுமானாலும் பற' பாஸ்கள் வேறு வகை. ஹங்கேரியின் விஸ் ஏர் 2024-இல் வருஷப் பாஸ் ஒன்றை 499 யூரோவுக்கு அறிமுகப்படுத்தியது. புறப்படுவதற்கு மூன்று நாளைக்குள்தான் போட முடியும், ஒவ்வொரு பறப்புக்கும் 9.99 யூரோ தனி, சின்னப் பை ஒன்றுதான் இலவசம். அமெரிக்காவின் ஃப்ரான்டியர் பாஸில் உள்நாட்டுப் பயணத்தை முந்தின நாள்தான் உறுதி செய்ய முடியும், பண்டிகை நாட்களில் செல்லாது. காலியாகப் போகிற சீட்டைத் தள்ளிவிடுகிற ஏற்பாடு இவை. முதுகில் ஒரு பையோடு ஊர் சுற்றுகிற இளவட்டத்துக்குச் சரிவரும். நாம் பறக்கிற நாட்களோ ஊரே பறக்கிற நாட்கள்: மே மாத லீவு, அம்மன் கொடை, பெருநாள், பாளையங்கோட்டை வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ். அந்த நாட்களில் காலி சீட் எங்கே இருக்கும்? துக்க வீட்டுக்கு வர வேண்டியவனுக்கு முதல் நாள் ராத்திரி 'இடம் இல்லை' என்று காட்டினால் அந்தப் பாஸை வைத்து என்ன செய்வது? சவூதியில் இருப்பவனுக்கு ரீ-என்ட்ரி விசாவும் கையில் இருந்தால்தான் கிளம்ப முடியும்.

பாஸுக்குப் போடுகிற பணத்தில் ஒரு துளியை அவசர டிக்கெட்டுக்கென்று குடும்பத்தில் தனியாக எடுத்து வையுங்கள். எந்தக் கம்பெனியிலும், எந்த ஊரிலிருந்தும், எந்த ராத்திரியிலும் செல்லும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படமெடுத்து வீட்டில் ஒருவர் போனில் வைத்திருங்கள். அந்த நேரத்தில் பேரில் ஓர் எழுத்து தப்பினால் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

விதிவிலக்கு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் 1990-இல் 2,90,000 டாலர் கொடுத்து யுனைடெட்டின் வாழ்நாள் பாஸ் வாங்கினார். கார் விற்பனையாளர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர் தொழில். இரண்டு கோடி மைலுக்கு மேல் பறந்துவிட்டார், கம்பெனி திவாலாகி எழுந்தபின்னும் அவர் பாஸ் செல்லுபடியானது. அவருக்கு அது தங்கமான முதலீடு. வாங்கும்போது நடுவயதைத் தாண்டாதவர், தொழிலே பறப்பது, விசா தடை இல்லாதவர், வீட்டுக்குப் பக்கத்திலேயே அந்தக் கம்பெனியின் பெரிய விமான நிலையம், போட்ட பணம் போனாலும் குடும்பம் ஆடாது. இவை அத்தனையும் உங்களுக்குப் பொருந்தினால் வாங்குங்கள், நானே வந்து ஒப்பந்தத்தைப் படித்துத் தருகிறேன்.

இதெல்லாம் கோடிக் கணக்கு. நம் ஊரில் லட்சக் கணக்கில் நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. போன் வரும், உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து ஹோட்டலுக்கு வாருங்கள், சாப்பாடு இலவசம் என்பார்கள். இரண்டு மணி நேரம் படம் காட்டி, வாழ்நாள் மெம்பர், வருஷா வருஷம் விமான டிக்கெட் இலவசம் என்று சொல்லி, அங்கேயே கார்டைத் தேய்க்க வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் அந்தச் சான்றிதழை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். தங்க நிற ஓரம் போட்ட கெட்டி அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன். டிக்கெட்டில் 'அடிப்படைக் கட்டணம்' மட்டும் இலவசம். மூன்று மாதம் முன்னால் எழுதிக் கேட்க வேண்டும், மூன்று தேதி கொடுக்க வேண்டும், எந்தத் தேதி என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள், இடம் இருந்தால். வருஷப் பராமரிப்புக் கட்டணம் தனி. என் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட்டைத் திறந்து அம்மாவுக்குக் காட்டினேன். அடிப்படைக் கட்டணம் ஒரு வரி. அதன் கீழே எரிபொருள் சர்சார்ஜ், பயணிகள் பாதுகாப்புக் கட்டணம், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம், ஜிஎஸ்டி. கீழே இருக்கிற வரிகள் அத்தனையும் அவர் பணம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்த அட்டையிலேயே, வழக்கு என்றால் வேறு மாநிலத்துக் கோர்ட்டில்தான் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், வக்கீல் இல்லாமலும் போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் தகராறு மனு கொடுங்கள், நாள் போகப் போக வாய்ப்பு குறையும். ஹோட்டலில் பேசியபோது கொடுத்த நோட்டீஸ், வாட்ஸாப்பில் வந்த செய்தி, விற்றவர் விசிட்டிங் கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாயால் சொன்னதற்கும் அட்டையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அவைதான் சாட்சி. அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தால் நான் படித்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.